மங்கையர்க்கரசி குறை சொன்ன வீடுகள்

மதுரைக்கு வடக்கே புதிதாக மனை போட்டு எழும்பிய வளர்மதி நகரில், மூன்றாவது தெரு மூலையில் தெற்குப் பார்த்து நின்ற அருளானந்தம் வீடு, ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் கிழக்குப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுத்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான் வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். திரும்பியதற்குக் காரணம் முந்தின நாள் வீடு பார்க்க வந்த மங்கையர்க்கரசி சொன்ன ஒரு வார்த்தை என்பது விடிந்து கொஞ்ச நேரத்திலேயே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, ஆனால் அந்த வார்த்தையை அவள் சொன்னது வீடு திரும்புவதற்காக அல்ல, விலை இறங்குவதற்காக என்பதை மட்டும் ஒருவரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மங்கை என்று வீட்டிலும் கடையிலும் கூப்பிடப்பட்ட அவள், டவுனுக்குள் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்று நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டுகிறவள். விரித்து விரித்து அவள் தெரிந்துகொண்டது என்னவென்றால், 'ரொம்ப அழகா இருக்கும்மா' என்று வாயாரப் புகழ்கிறவள் கடையில் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவாள், முந்தானையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளித்து ஜரிகை மங்கல், கரை சின்னது, இந்த நிறம் ஒரு துவைப்புத் தாங்காது என்று நொட்டை சொல்கிறவள்தான் பில் போடுவாள், ஏனென்றால் அவள் மனசுக்குள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியிருப்பாள். ஆகவே வீடு வாங்கப் புறப்பட்டபோது மங்கை தன் புருஷன் ஜெகதீசனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: எந்த வீடு பிடித்தாலும் முகத்தில் காட்டக்கூடாது, குறைதான் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக் ஒன்றில் லேப் உதவியாளராக இருந்த ஜெகதீசன், கத்தரிக்காய் வாங்கினால்கூடச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஆள், ஆதலால் குறை சொல்லும் பொறுப்பை அவளிடமே விட்டுவிட்டான்.

அவர்கள் குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன். அதற்கு முன்னால் வேறொரு மாடிப் போர்ஷன், அதற்கும் முன்னால் இன்னொன்று. ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் படியிறங்கிப் போய் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, "சுவரு பேந்துரும்மா" என்று அந்த அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு படியேறி வருகிற வாழ்க்கை. இப்போது அந்த அம்மா மகனுக்குப் பெண் பார்த்துவிட்டாள், தை பிறந்தால் போர்ஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வங்கியிலோ ஜெகதீசனின் சம்பளத்தையும் வயதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது, அடுத்த வருஷம் வந்தால் இதுவும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த எல்லைக்குள் ஒரு வீடு, தைக்குள் ஒரு வீடு. மங்கை கேட்டது அவ்வளவுதான்.

அருளானந்தம் வீட்டைக் காட்டியது தவமணி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பையில் மூன்று போன் வைத்துக்கொண்டு மூன்றிலும் ஒரே பொய்யைச் சொல்கிற புரோக்கர். வாங்குகிறவனிடம் 'நான் உங்க ஆளு' என்பான், விற்கிறவனிடமும் 'நான் உங்க ஆளு' என்பான், இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்வான். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருளானந்தம் மகளோடு பெங்களூரில் போய் இருக்க ஆசைப்பட்டு வீட்டை விற்க நினைத்தார். மங்கை அந்த வீட்டுக்குள் ஒரு காலை வைத்தாள், இரண்டாவது காலை வைப்பதற்குள் பீரோ எங்கே, கட்டில் எங்கே, கிரைண்டர் எங்கே, ஈரத் துணியை எந்தப் பக்கம் காயப்போடுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். அந்த ஆசை வெளியே தெரிந்துவிடக்கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"என்னண்ணே, தெக்குப் பாத்த வாசலா இருக்கு. எங்க பக்கம் இத ஒத்துக்கவே மாட்டாங்களே."

அருளானந்தத்துக்கு முகம் தொங்கிப்போயிற்று. தவமணி ஜெகதீசனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், நாளைக்கு வாங்க சார், படிஞ்சு வரும் என்று அதற்கு அர்த்தம். மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கோடு வந்து இறங்கினார்கள், வீடு திரும்பி நின்றது. வாசல், வாசற்படி, கேட், கேட்டில் மாட்டியிருந்த தபால் பெட்டி எல்லாமே கிழக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்த அருளானந்தம் கண்ணில் வெயில் அடித்ததால் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா சார்," என்றான் தவமணி, கொஞ்சமும் அசராமல். "நீங்க கேட்டபடியே கிழக்குப் பாத்த வாசல் ஆயிருச்சு. இனி ரேட்டு வேறல்ல?"

"நேத்துச் சொன்ன விலை இருக்குல்லண்ணே," என்று இழுத்தான் ஜெகதீசன்.

"அது தெக்குப் பாத்த வீட்டுக்குச் சொன்னது சார். கிழக்குப் பாத்த வீட்டுக்கு நேத்து யாரு விலை சொன்னா?"

"நான் சொன்னதாலதானண்ணே திரும்புச்சு," என்றாள் மங்கை.

"அதுக்கு நன்றி தங்கச்சி. நன்றி வேற, ரேட்டு வேற."

வெற்றிலை பாக்கைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு அவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். தெரு அந்த விஷயத்தைத் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. பால்காரர் சில நாள் வரைக்கும் பழைய கேட் இருந்த இடத்துக் காம்பவுண்டுச் சுவர்மேலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார், காக்காய்கள் கொத்திக் குடித்தன. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மீட்டர் இருந்த இடத்தில் மீட்டரைக் காணாமல் வீடு பூட்டியிருந்தது என்று எழுதிக்கொண்டு போனார். மேற்குப் பக்கத்து வீட்டு அம்மா, இத்தனை வருஷமாகப் பக்கத்துச் சுவராக இருந்தது இப்போது பின்கட்டாகிவிட்டது, அவர்கள் துணி துவைக்கிற கல் தன் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டது, விடியற்காலையில் அடித்துத் துவைத்தால் எப்படித் தூங்குவது என்று சண்டைக்கு வந்தாள். வாசற்படியில் படுக்கிற தெருநாய் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து படியைக் கண்டுபிடித்துப் படுத்துக்கொண்டது. பிள்ளையார் கோயில் தகரக் கொட்டகையில் குடியிருப்போர் நலச் சங்கம் கூடியது, சுண்டல் கொடுத்தார்கள், ரொம்ப நேரம் பேசி, இனிமேல் திரும்ப விரும்பும் வீடுகள் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வீடு எப்படித் தெரிவிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, சுண்டல் நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

மங்கைக்கு அந்த வீட்டை விட மனசு வரவில்லை. ஜெகதீசன் தன் அண்ணனிடம் கைமாற்றுக் கேட்டு, கல்லூரிச் சொசைட்டியில் ஒரு கடன் போட்டு, ஏறிய விலையைத் தொட்டுவிடலாம் என்கிற நிலைமைக்கு வந்ததும் மறுபடியும் போனார்கள். இந்தத் தடவை கொஞ்சமாவது இறக்க வேண்டும் என்று மங்கை சமையற்கட்டுக்குள் நின்று, இரண்டு பேர் நின்றால் முதுகு முட்டும், இதில் எப்படிச் சமைப்பது என்று உதட்டைப் பிதுக்கினாள். மறுநாள் சமையற்கட்டு பின்பக்கமாக ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு அகன்றிருந்தது, புதிதாக வந்த இடத்தில் ஒரு அலமாரியும் இருந்தது. விலை ஏறியது. அதற்கடுத்த தடவை, வாயைத் திறக்காமல் வா என்று ஜெகதீசன் கெஞ்சினான், அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பார்க்கிறார்களே, அப்படியென்றால் எல்லாம் திருப்திதான் என்று அருளானந்தம் விலையில் உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த தடவை மங்கைக்கு வெறுத்துப்போய், நல்லா இருக்குங்கய்யா, ரொம்ப நல்லா இருக்கு என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். வீடு ஓரங்குலம்கூட அசையவில்லை, விலை மட்டும் அசைந்தது, மேலே.

"குறை சொன்னாலும் ஏறுது, சொல்லாட்டியும் இறங்கல, புகழ்ந்தா அதுக்கும் ஏறுது," என்றான் ஜெகதீசன், பஸ் நிறுத்தத்தில். "வேற என்னதான் செய்யணும்ங்கிறாங்க?"

வீட்டை விட்டுக் கிளம்பும்போது மங்கை யாரும் பார்க்காமல் ஹால் சுவரில் கையை வைத்து, நான் சும்மாதான் சொல்றேன், நீ மனசுல வச்சுக்காத, எனக்கு நீ எப்படி இருந்தியோ அப்படியே போதும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதைப் புருஷனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லாமல் இருந்ததும் நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் அடுத்த வாரமே திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிப் பார்ட்டி காரில் வந்து, கிழக்குப் பார்த்த வாசல், அகலமான சமையற்கட்டு என்று உட்கார்ந்த இடத்திலேயே பேசி முடித்துவிட்டுப் போய்விட்டது. மங்கை அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. கைக்கு வந்த வீடு கைநழுவிப் போனால்கூட இவ்வளவு எரியாது, தன் வாயாலேயே அதை அழகாக்கி அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்தோமே என்று வயிறு எரிந்தது.

இதற்குள் வளர்மதி நகர் முழுக்க ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. குறை சொன்னால் வீடு தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது என்று தெரிந்தபிறகு கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் யார் காசு கொடுப்பார்கள்? விடிந்ததும் ஆளாளுக்குத் தத்தம் வீட்டு முன்னால் நின்று, ஓதம் ஏறின சுவரே, ஒழுகுற தளமே, எவன் கட்டினான் உன்னை என்று வாயில் வந்தபடி திட்டினார்கள். ஒரு வீடும் அசையவில்லை. சொந்தக்காரன் சொன்னால் உறைக்காதோ என்னவோ என்று எதிர்வீட்டுக்காரனைக் கூப்பிட்டுத் தன் வீட்டைக் குறை சொல்லச் சொன்னார்கள், எதிர்வீட்டுக்காரன் பல வருஷத்து ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வைத்துச் சொன்னான், வீடு சும்மா நின்றது, வீட்டுக்காரர்கள்தான் கைகலந்தார்கள். சங்கம் மறுபடியும் கூடி, ஒருவர் வீட்டை ஒருவர் குறை சொல்வதைத் தடைசெய்தது.

தவமணி மட்டும் சண்டையில் சேரவில்லை. இத்தனை பேர் திட்டி அசையாத வீடு அந்தச் சேலைக்கடைத் தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னதும் அசைந்தது என்றால் சங்கதி வார்த்தையில் இல்லை, ஆளில் இருக்கிறது என்று அவன் கணக்குப் போட்டான். இனிமேல் அவனுக்கு மங்கையையும் ஜெகதீசனையும் விட்டால் வேறு பார்ட்டி இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. தன் செலவில் ஆட்டோ வைத்தான், வழியில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டு வாசலில் வந்து நின்றான். போன இடத்திலெல்லாம், உங்க பட்ஜெட்டுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி வீடு தங்கச்சி, மனசுல பட்டத ஒளிக்காம சொல்லுங்க என்றான். மங்கை படியேறும்போது தலை இடிக்கிறது என்றாள், மாடிப்படிக்கு மேலே தளம் உயர்ந்தது. ஈசானி மூலையில் கழிவறை இருக்கிறதே என்றாள், கழிவறை எழுந்து வடமேற்கு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. போர்த் தண்ணீர் உப்பு என்றாள், மறுநாள் அந்தத் தெருவே குடத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே கால் வைத்ததும் அவள் மனசுக்குள் பீரோ ஒரு மூலைக்கும் கட்டில் ஒரு மூலைக்கும் தானாகவே போயின, அவள் என்ன செய்வாள்? ஒவ்வொரு தடவையும் நாளைக்கு அட்வான்ஸ் என்பான் தவமணி, நாளை வந்தால் ஓனர் ஊரில் இல்லை என்பான், மறுநாள் ஓனருடைய மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை என்பான், அதற்கு மறுநாள் வீடு வேறு பார்ட்டிக்கு முடிந்துபோயிருக்கும். நம்ம நேரம் அப்படி என்று ஜெகதீசன் சொன்னான், அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

அது நேரம் இல்லை என்பது அவளுக்குத் தெரியவந்தது கடையில் வைத்து. கிரகப்பிரவேசத்துக்குப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, மங்கை விரித்த சேலைகளையெல்லாம் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே கதை பேசினாள்.

"வீடுன்னா வீடு, அப்பிடி ஒரு வீடும்மா. முன்னாடி உப்புத் தண்ணியாத்தான் இருந்துச்சாம். புரோக்கரு யாரோ ஒரு பொம்பளயக் கூட்டியாந்து காட்டுனாராம், அவ ஒரு வார்த்த சொன்னதும் தண்ணி தேனாயிருச்சாம்."

"அந்தப் பொம்பள யாராம்?" என்றாள் மங்கை. கை சேலையை மடித்துக்கொண்டிருந்தது.

"யாருக்குத் தெரியும்? பாவம், வாங்க வக்கில்லாதவளாம். ஆனா ஆசைன்னா அப்பிடி ஒரு ஆசையாம் அவளுக்கு. அந்த ஆசைக்குத்தான் வீடு இரங்குதுன்னு புரோக்கரு சொன்னாரு. விக்கிறதுக்கு முன்னாடி எல்லா வீட்டையும் அவகிட்ட ஒரு தடவ காட்டீருவாராம். இந்தக் கரை ஏன் இம்புட்டு ஒல்லியா இருக்கு?"

மங்கை அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் சாப்பிடாமல் தவமணியின் ஆபீசுக்குப் போனாள். ஆபீஸ் என்பது ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஊதுபத்தி. அவள் கத்தவில்லை, கத்தினால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

"எங்களுக்கு ஒரு வீட்டையாவது முடிச்சுக் குடுக்கணும்னு நெனச்சீங்களாண்ணே?"

தவமணி வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தவள் ஏமாந்தாள். அவன் அவளை உட்காரச் சொல்லி, டீ சொல்லி, போன்களை ஓரமாக வைத்தான்.

"தப்பா எடுத்துக்காத தங்கச்சி. ஒங்க பட்ஜெட்டுக்கு இந்த ஊருல கார் ஷெட்டுதான் கெடைக்கும், அத மொதல் நாளே சொல்லீருக்கணும், சொல்லல. ஆனா ஒங்கிட்ட ஒரு வரம் இருக்கு. நீ வாயால வையுற, மனசால கும்புடுற. வீட்டுக்கு அது கேக்குது. கமிஷன்ல ஒரு பங்கு ஒனக்கு எடுத்து வச்சிர்றேன், கூடவே வா."

"பங்கு வேண்டாம். வீடு வேணும்."

"சரி. தைக்கு முன்னாடி ஒண்ணு ஒனக்கே முடிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் கூட வா."

அன்று சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் மொட்டைமாடியில் நின்று சண்டை போட்டார்கள். நம் தலையில் மிளகாய் அரைத்தவனிடமே மறுபடியும் போவதா என்று ஜெகதீசன் குதித்தான், அப்புறம் கொஞ்சம் அடங்கி, போகாவிட்டால் மட்டும் வேறு என்ன வழி இருக்கிறது என்று அவனே கேட்டான். கீழே வீட்டுக்கார அம்மா போர்ஷனுக்கு அடிக்கப்போகிற பெயிண்டின் நிறத்தைப் பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது மேலே கேட்டது. மங்கை போகிறேன் என்று சொன்னாள்.

போனாள். இப்போது எல்லாம் தெரிந்தே போனாள், தெரிந்தே படியேறினாள், இந்த வீடும் நமக்கில்லை என்று தெரிந்தே உள்ளே கால் வைத்தாள். அப்படியும் பாழாய்ப்போன மனசு பீரோவுக்கு இடம் தேடியது. முதலில் கொஞ்ச நாள் அவள் தன் மனசைத் திட்டினாள், அப்புறம் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள், அப்புறம் அது என்ன செய்கிறது என்று கவனிப்பதை விட்டுவிட்டாள். வாசல் தெரு மட்டத்துக்குக் கீழே தாழ்ந்திருக்கிறது என்றாள், வீடு பெருமூச்சு விட்டமாதிரி எழும்பியது. இன்னொரு வீட்டில் வெளிச்சம் போதாது என்றாள், மறுநாள் அங்கே ஜன்னல் முளைத்தது, ஆனால் சின்ன ஜன்னல். அதற்கடுத்த வீட்டில் விரிசலைக் காட்டினாள், விரிசல் பாதி மூடிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. தவமணி அதைப் பார்த்துத் தாடையைச் சொறிந்தான், உடம்பு சரியில்லையா தங்கச்சி என்று கேட்டான், ஜிகர்தண்டாவைப் பெரிய டம்ளரில் வாங்கிக் கொடுத்தான்.

மார்கழியில் அவளைப் பால்பண்ணைக்குப் பின்னால் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். வடக்குப் பார்த்த வீடு, இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் இடம், அதில் ஒரு கறிவேப்பிலை. துபாயில் இருக்கிற மகனுக்குப் பணம் தேவை என்று அவசரத்தில் விற்கிற ஒரு வாத்தியார் வீடு. தவமணி வாத்தியாரின் காதில், இந்தத் தங்கச்சி சொல்லட்டும் சார், அப்புறம் வீட்டைப் பாருங்க என்று ஓதி வைத்திருந்தான், அதனால் வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்தமாதிரி மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

மங்கை உள்ளே போனாள். ஹால், அறை, அறை, சமையற்கட்டு, பீரோவின் நினைப்பே வரவில்லை. சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்றாள். பாத்ரூம் கதவு உளுத்திருக்கிறது, தரையில் டைல்ஸ் பொங்கி நிற்கிறது, மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறது, சமையற்கட்டில் காற்று வராது என்றாள். கடையில் சேலையின் விலைச் சீட்டைப் படிக்கிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கடைக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் வாத்தியார் எழுந்து ஆசையாகச் சுவரைப் பார்த்தார். ஓதம் இருந்தது. கதவைப் பார்த்தார், உளுத்துப்போய் அப்படியே இருந்தது. தவமணி வந்து தரையைக் காலால் தட்டிப் பார்த்தான், பொங்கிய டைல்ஸ் டொக்கு டொக்கு என்றது. தாமதமாகுமோ என்னவோ என்று காத்திருந்தார்கள், மறுபடியும் மங்கையைக் கூட்டிவந்து மறுபடியும் சொல்ல வைத்தார்கள், இந்தத் தடவை அவள் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்திருப்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதது மட்டுமில்லை, அதுவரை வாத்தியாருக்கே தெரியாமலிருந்த குறைகளெல்லாம் இப்போது அவர் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. பார்க்க வந்த வேறு பார்ட்டிகளும், அந்தச் சேலைக்கடைப் பெண் சொல்லியே சரியாகாத வீடா, அப்படியென்றால் உள்ளே பெரிய கோளாறு இருக்கும் என்று வாசலோடு திரும்பிப் போனார்கள். துபாயிலிருந்து மகன் தினமும் போன் பண்ணினான். தவமணி அந்த வீட்டைத் தலைமுழுகிவிட்டு வேறு வீட்டைப் பார்க்கப் போய்விட்டான், போகிறபோக்கில், நீங்களே நேரா பேசிக்குங்க சார், எனக்கு ஒரு பக்கத்துக் கமிஷன் போதும் என்று ஜெகதீசனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

வாத்தியார் ஒரு படி இறங்கினார். மங்கை ஓதத்தைக் காட்டினாள். இன்னொரு படி இறங்கினார். அவள் மொட்டைமாடியைக் காட்டினாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று வாத்தியார் கூர்ந்து பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, பயந்துபோய் இன்னும் ஒரு படி இறங்கினார். வங்கிக்காரர்கள் எழுதிக்கொடுத்த எல்லைக்குள் வந்து விலை நின்றது. வாங்கினால் உன்னைப்போல் வாங்க வேண்டும், எவ்வளவு அழகாக முகத்தில் காட்டாமல் நின்றாய் என்று வழியெல்லாம் ஜெகதீசன் சொல்லிக்கொண்டு வந்தான். ஆமாம் என்றாள்.

தை பிறந்ததும் பத்திரம் பதிவானது. வீட்டுக்கார அம்மா கட்டிப்பிடித்து வழியனுப்பினாள். பால் காய்ச்சியபோது பொங்கி வழிந்தது, வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓதம் இருக்கிறது, பரவாயில்லை, சொந்த வீடு என்று சொன்னார்கள். சங்கச் செயலாளர்கூட வந்திருந்தார், வந்தவர் வாசலில் நின்று இந்த வீடு திரும்புமா என்று கேட்டார், திரும்பாதுங்க என்றாள் மங்கை. எல்லாரும் போனபிறகு பீரோவை எங்கே வைப்பது என்று ஜெகதீசன் கேட்டான், தூக்கி வந்தவர்கள் எங்கே இறக்கினார்களோ அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையற்கட்டில் குழாய் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெகதீசன் அதை இறுக்கிப் பார்த்தான், துணி சுற்றிப் பார்த்தான், நிற்கவில்லை. மங்கை மேடைக்குப் பக்கத்தில் நின்று வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு அவளைக் கேலி செய்கிற சந்தோஷத்தோடு, சிரித்துக்கொண்டே சொன்னான்:

"ஏ மங்கை, இந்தக் குழாய ஒரு வார்த்த வஞ்சு விடேன். கேக்குதான்னு பாப்போம்."

அவள் குழாயைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், ஓதத்தைப் பார்த்தாள், தன்னுடைய வீட்டை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தவள் மறுபடியும் வெண்டைக்காயை எடுத்தாள்.

"பிளம்பரக் கூப்புடுங்க," என்றாள்.